உயர்மலை நிலவியல் களப்பணி: முதல் முறை போகிறவர்களுக்கு

நிலவியல் களப்பணி என்றால் சுத்தியலும் பாறையும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு உயர்மலை முதல் வாரத்திலேயே வேறு பாடம் நடத்திவிடும். 4,000 மீட்டருக்கு மேல் ஒரு பாறை வெளிப்பாட்டின் (மண் மூடாமல் பாறை வெளியே தெரியும் இடத்தின்) முன் நின்று நிதானமாக வேலை செய்ய நாளைக்கு நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் அது நல்ல நாள். மீதிப் பொழுது ஏறுவதிலும் இறங்குவதிலும், பனியை உருக்குவதிலும், ஈரக் காலுறையை உலர்த்துவதிலும், தூக்கம் வராமல் புரள்வதிலும் போகிறது. அந்த நான்கைந்து மணி நேரத்தில் எடுத்த அளவீட்டை ஊர் திரும்பிய பிறகு நம்ப முடியுமா என்பது, இந்த மீதிப் பொழுதை எப்படி நடத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது.

5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் பாதிதான். கால் தளர்வது உடனே தெரிந்துவிடும். புத்தி தளர்வது தெரியாது. திசைகாட்டியில் படித்த எண் நோட்டில் எழுதுவதற்குள் மாறிப்போகும். இரண்டு மாதிரிகளுக்கு ஒரே எண் விழும். வடக்கு என்று எழுத நினைத்துத் தெற்கு என்று எழுதியிருப்பீர்கள். அதனால் கீழே வரும் யோசனைகளில் பல, யோசிக்காமலே கை தானாகச் செய்யும் பழக்கங்களைப் பற்றியவை.

புறப்படும் முன்

அனுமதிகளிலிருந்து தொடங்குங்கள், எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிப்பவை அவைதான். ஆய்வு அனுமதி, எல்லைப் பகுதி அனுமதி, பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி அனுமதி, பாறை மாதிரிகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகும் அனுமதி என இவை தனித்தனி அலுவலகங்களின் பொறுப்பில் இருக்கும். ஒன்று கிடைத்ததால் மற்றொன்று கிடைத்ததாக ஆகாது. சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் ஆகியவற்றுக்கு இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் முன் அனுமதி கட்டாயம். பையில் இருந்தாலே வழக்குப் பதிவாகலாம். 1936இல் சுவிஸ் நிலவியலாளர் அகஸ்டோ கான்சர் யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து கைலாயத்தைச் சுற்றிவந்து பாறைகளை ஆராய்ந்தார். படிக்கச் சுவையான கதை. இன்று அப்படிச் செய்தால் உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் குழுக்களுக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் கதவு அடைபடும்.

அடுத்து, மேசை வேலை. செயற்கைக்கோள் படங்களை விரித்துவைத்து, பாறை வகை எங்கே மாறுவதுபோல் தெரிகிறது, பிளவுகள் எந்தக் கோட்டில் ஓடுகின்றன, எந்த ஓடை வழியாக ஏறினால் அதிக அடுக்குகளைக் குறுக்காக வெட்டிப் பார்க்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, களத்தில் விடை தேட வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். 'இந்தச் சுண்ணாம்புக்கல் அந்த ஷிஸ்டின் (தகடு தகடாகப் பிரியும் உருமாறிய பாறையின்) மேல் படிந்ததா, பிளவு வழியாக அதன் மேல் தள்ளப்பட்டதா?' என்பதைப் போன்ற கேள்வி. எந்தச் சான்று கண்டால் எந்த விடை என்பதையும் கீழேயே எழுதிவிடுங்கள். மேலே போன பிறகு கேள்வி கேட்கும் திறன்தான் முதலில் மங்குகிறது. கையும் காலும் வேலை செய்துகொண்டே இருக்கும், எதற்காகச் செய்கிறோம் என்பது நழுவிவிடும்.

கருவிகளில் திசைகாட்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கிச் செங்குத்தாகச் சாய்வதால், நல்ல திசைகாட்டிகளின் முள் குறிப்பிட்ட பகுதிக்கு ஏற்பச் சமன்செய்யப்பட்டே வருகிறது. வட கோளத்துக்காக வாங்கியதைத் தென் கோளத்துக்குக் கொண்டுபோனால் முள் ஒரு பக்கம் இழுத்துக் கண்ணாடியில் உரசும். போகும் இடத்துக்குரிய காந்த விலக்கத்தை, அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோண வேறுபாட்டை, பார்த்து முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். அமைத்த அளவையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். குழுவில் ஒருவர் அமைத்தும் ஒருவர் அமைக்காமலும் வேலை செய்தால், பிறகு எவருடைய எண் சரி என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும்.

மற்றவை: பத்து மடங்கு கைலென்ஸ், சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம், ஈரம் தாங்கும் தாளில் தைத்த நோட்டு, பென்சில்கள். பேனா குளிரில் எழுதாது, நனைந்தால் கரையும். சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விமானத்தில் கொண்டுபோக முடியாது. கிடைக்காத இடத்தில் வினிகர் ஓரளவு உதவும். கல்லைச் சுரண்டித் தூளாக்கி அதன் மேல் விட்டால் மெல்ல நுரைக்கும். காலணி புதியதாக இருந்தால் வீட்டிலேயே நன்றாக நடந்து பழக்கிவிடுங்கள். பல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவமனைக்கு மூன்று நாள் நடை என்ற இடத்தில் பல்வலி எடுத்தால் களப்பணி அன்றோடு முடிந்தது.

உயரத்துக்கு உடலைப் பழக்குதல்

அவசரக்காரர்கள் தோற்கும் இடம் இது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. பகலில் இதைவிட உயரமாக ஏறி வேலை செய்துவிட்டு இறங்கித் தூங்கலாம். உடல் பழகுவதற்கு அது நல்லதும்கூட. நிலவியலாளருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழகும் நாட்களை வீணான நாட்கள் என்று எண்ண வேண்டாம். கீழ்ப் பள்ளத்தாக்கில் ஆற்றுக் கூழாங்கற்களைப் புரட்டிப் பாருங்கள். மேலே இருக்கும் மலை முழுவதையும் ஆறு உடைத்து உருட்டி உங்கள் காலடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறது. எந்தப் பாறையெல்லாம் மேலே காத்திருக்கிறது, எது அதிகம், எது அரிது என்பது ஓர் அரை நாளில் பிடிபட்டுவிடும்.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அதை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலும் ஏறக் கூடாது. ஓய்வில் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். இரண்டு நிலைகள் உயிருக்கே ஆபத்தானவை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நிற்காத இருமல், நுரை கலந்த சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, சம்பந்தமில்லாமல் நடந்துகொள்வது ஆகியவை மூளை வீங்குவதன் அடையாளம். சந்தேகம் இருந்தால், ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் இருட்டானாலும் மழையானாலும் கீழே கொண்டுபோக வேண்டும், தனியே அனுப்பாமல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வார்த்தை இங்கே ஆளைக் கொல்லும்.

அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது. தடுப்புக்காக 125 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு முறை என்பது பெரியவர்களுக்குப் பரவலாகத் தரப்படும் அளவு. விரல் நுனிகள் மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். ஒவ்வாமை உள்ளவர்களும், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டதால் வேகமாக ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

புதியவர்களைக் கலங்கடிக்கும் இன்னொன்று இரவு மூச்சு. தூக்கத்தில் மூச்சு வேகமெடுத்து, பிறகு தணிந்து, சில விநாடிகள் அடியோடு நின்று, திடுக்கென்று மீண்டும் தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் இறந்துவிட்டாரோ என்று பயந்து எழுப்புவார்கள். உயரத்தில் இது மிகச் சாதாரணம். முதல் சில இரவுகள் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே போனால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

கூடாரம் போடும் இடம்

சமதளமாக இருக்கிறதே என்று கூடாரத்தை விரிப்பதற்கு முன், உங்கள் படிப்பை ஒருமுறை பயன்படுத்துங்கள். சுற்றிலும் கிடக்கும் கற்களைப் பாருங்கள். பழைய கற்களின் மேல் லைக்கன் (பாறையில் திட்டுத் திட்டாக ஒட்டி வளரும் பாசி போன்ற உயிரி) படர்ந்து நிறம் மங்கியிருக்கும். முறிந்த முகம் வெளுத்து, ஓரம் கூராக, லைக்கன் இல்லாமல் ஒரு கல் புல்லின் மேல் உட்கார்ந்திருந்தால் அது அண்மையில் வந்து விழுந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால் அது கழன்ற வடுவும் தெரியும். அங்கே படுக்காதீர்கள்.

ஓடை மலையிலிருந்து வெளியேறும் வாயில் விரிந்துகிடக்கும் வண்டல் விசிறியும் தட்டையாக, அழகாக இருக்கும். அதைக் கட்டியதே சேற்று வெள்ளந்தான். மேலே பனியாற்று ஏரி இருந்தால், அதன் கற்குவைக் கரை உடைந்தால் நீர் எந்த வழியாக வரும் என்று பார்த்து அதற்கு மேலே இடம் தேடுங்கள். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இரவில் குளிர்க்காற்று வந்து தேங்கும். சில பத்து மீட்டர் மேலே ஒரு திட்டில் படுத்தால் தெளிவாக வித்தியாசம் தெரியும். காலை வெயில் முதலில் விழும் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். பனி ஒட்டிய கூடாரம் உலரும், விறைத்த கை வேலைக்கு வரும்.

கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மண் உள்ள இடத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி போதும். வெறும் பாறையும் பனியும் உள்ள இடத்தில் எதுவும் மக்காது. அங்கே கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவதைத் தவிர ஒழுங்கான வழி இல்லை. இதைப் பற்றிக் கூச்சப்படாமல் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

தண்ணீர், அடுப்பு, பசி

உயரம் 300 மீட்டர் கூடும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறைகிறது. 4,500 மீட்டரில் 85 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதில் பயறும் தானியமும் வேகாது. ஆகவே ஒன்று பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள், அல்லது சுடுநீர் ஊற்றினால் ஆகிவிடும் உணவாகத் தேர்ந்தெடுங்கள். கிருமிகளைக் கொல்ல அந்த வெப்பம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

பனியாற்று நீர் பால்போல் கலங்கி ஓடும். பாறை அரைபட்ட மாவு அது. அப்படியே வடிகட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இரவு முழுவதும் பாத்திரத்தில் தெளியவிட்டு மேல் நீரை எடுங்கள். குழாயிழை வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே வெடித்துப் பயனற்றதாகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பனியை உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தொடங்கினால் தீயாது. பனி உருக்க எரிபொருள் நிறைய செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர் என்றாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, அதன் தலைவலியை உயர நோயின் தலைவலி என்றே நினைத்துக்கொள்வீர்கள்.

மேலே பசி குறையும். பசித்தால் சாப்பிடலாம் என்று இருந்தால் ஒரு வாரத்தில் ஆள் தளர்ந்துவிடுவார். வேளை வைத்துச் சாப்பிடுங்கள், பகலில் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும்படி எதையாவது வைத்திருங்கள். வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நிறைய நீர் போகிறது. சிறுநீரின் நிறம் அடர்ந்தால் குடிப்பது போதவில்லை.

காலை: விடியுமுன் கிளம்புவது ஏன்

உயர்மலையின் மூன்று ஆபத்துகள் சூரியனைப் பின்தொடர்ந்தே வருகின்றன. இரவில் பிளவுகளில் உறைந்த நீர் கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டதும் அந்தப் பிடி விட்டுக் கற்கள் உதிரத் தொடங்கும். பகலில் பனியாறு உருகுவதால் ஓடைகள் பிற்பகலில் பெருகும். வெப்பம் ஏற ஏற மேகம் திரண்டு பிற்பகலில் இடி மின்னல் வரும். மூன்றுக்கும் ஒரே பதில், அதிகாலையில் கிளம்பிப் பிற்பகல் தொடக்கத்திலேயே திரும்புவது.

ஓடைதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. காலையில் கணுக்காலளவு நீரில் சிரித்துக்கொண்டே கடந்துபோவார்கள். மாலையில் வந்து பார்த்தால் அதே இடம் இடுப்பளவு நீரோடு, அடியில் கற்கள் உருளும் ஓசையோடு ஓடும். ஆகவே கடப்பதற்கு முன் பார்க்க வேண்டியது திரும்பி வரும் நேரத்து நீரை. கரையில் நேற்றைய ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடக்க வேண்டியிருந்தால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்து, ஊன்றுகோலோடு கடங்கள். மிகுந்துவிட்டால் அக்கரையிலேயே இரவைக் கழித்து விடியலில் வருவதுதான் புத்தி. அதற்காகவே பையில் ஒரு கனத்த மேலாடையும், உள்ளே புகுந்து இரவைக் கழிக்கும் அவசர உறையும் எப்போதும் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது முகாமில் ஒரு சீட்டு: எந்த ஓடை வழியாக, எதுவரை, யார் யார், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும். திரும்பும் நேரத்தையும் காலையிலேயே முடிவு செய்யுங்கள். மேலே, நல்ல பாறை ஒன்று இன்னும் நூறு மீட்டர் தள்ளித் தெரியும்போது எடுக்கும் முடிவு எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாயும். தனியாக எவரும் போகக் கூடாது என்பதை நான் விதிவிலக்கு இல்லாத விதியாகவே சொல்வேன்.

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறைகிறது, புற ஊதாக் கதிர் ஏறக்குறையப் பத்து சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தின் அடிப்பகுதியில் அடிக்கும். மூக்கின் அடி, தாடையின் கீழ், காதின் பின் எல்லாம் சன்ஸ்கிரீன் தடவுங்கள். பக்கவாட்டு மறைப்புள்ள கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் நடந்தால் பாதிப்பு அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும், இரண்டு நாள் வேலை போகும்.

பாறையின் முன்

சுத்தியலை எடுக்காமல் முதலில் தள்ளி நில்லுங்கள். முழு முகத்தையும் பார்த்து, ஒரு படம் வரையுங்கள். புகைப்படம் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். வரையும்போதுதான் எது எதை வெட்டுகிறது, எது எதன் மேல் என்று கண் தீர்மானிக்க வேண்டிவரும். அளவுகோலும் பார்க்கும் திசையும் இல்லாத படம் பிறகு எதற்கும் உதவாது. தொலைவிலிருந்து பார்த்த பிறகு நெருங்கிப் போங்கள், கைலென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க, கல்லைக் கண்ணருகே கொண்டுவாருங்கள்.

எழுதும் வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். களப்புள்ளி எண், தேதி, நேரம், ஆயத்தொலை, உயரம், பாறை, அடுக்கின் ஸ்ட்ரைக் (அது கிடையாக ஓடும் திசை) மற்றும் டிப் (அது சாயும் கோணம்), மற்ற கட்டமைப்புகள், மாதிரி எண், புகைப்பட எண்கள். கண்டது ஒரு பக்கம், அதிலிருந்து நீங்கள் நினைப்பது எதிர்ப் பக்கம். இந்தப் பிரிப்பு மட்டும் இருந்தால் கருத்து மாறினாலும் சான்று கெடாது. அளந்த எண்ணை உடன் வந்தவரிடம் உரக்கச் சொல்லுங்கள். அவர் எழுதிவிட்டுத் திரும்ப உரக்கப் படிக்கட்டும். சலிப்பாகத்தான் இருக்கும். குளிரிலும் களைப்பிலும் வரும் தவறுகளில் பாதியை இது ஒன்றே பிடித்துவிடும்.

முகாமுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது உயர்மலையில் செல்லாது. 1924 ஜூன் 8 அன்று எவரெஸ்டில், சிகரத்தை நோக்கி ஏறித் திரும்பாமல் போன மலையேறிகள் மாலரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்டவர் நோயல் ஓடெல் என்ற நிலவியலாளர். அன்று அவர் 8,000 மீட்டரை நெருங்கிய உயரத்தில் பாறைகளைப் பார்த்துக்கொண்டுதான் ஏறிக்கொண்டிருந்தார். தொல்லுயிர் எச்சங்களையும் கண்டெடுத்தார். மேகம் விலகிய சில நிமிடங்களில் அந்த இருவரையும் மலைமுகட்டின் எந்தப் படியில் கண்டார் என்பது பற்றி அவருடைய கூற்று பின்னாளில் மாறியது. தேர்ந்த கண் கொண்டவருக்கே நினைவு அப்படி என்றால், ஐந்து மணி நேரத்துக்கு முன் பார்த்த மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இரவில் நாம் யோசிப்பதில் பொருள் இல்லை.

திசைகாட்டியை நம்பும் முன் சில சோதனைகள். சுத்தியல், போன், ஜாக்கெட்டின் காந்தப் பொத்தான், இவை எல்லாம் தள்ளி இருக்கட்டும். மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் நிறைந்த பாறைகளில் முள் விலகும். மலைமுகட்டுப் பாறைகளை மின்னல் தாக்கிக் காந்தமாக்கியிருக்கும். சில அடி நகர்ந்தாலே முள் பல டிகிரி சுழலும். சந்தேகம் வந்தால் தொலைவிலுள்ள ஒரு சிகரத்தைக் குறிபார்த்து, அந்தத் திசையை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் காட்டும் ஆயத்தொலையைப் பழைய வரைபடத்தில் குறிக்கும்போது இரண்டின் டேட்டமும் (ஆயத்தொலைகளைக் கணக்கிட அடிப்படையாகக் கொண்ட பூமி மாதிரி) ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உங்கள் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளிப்போய், மறு பள்ளத்தாக்கில்கூட விழலாம்.

உடைக்கும்போது கண்ணாடி கட்டாயம், சுற்றி நிற்பவர்களுக்கும். ஒரு சுத்தியலை உளியாக வைத்து மற்றொரு சுத்தியலால் அடிக்காதீர்கள். கெட்டிப்பட்ட எஃகு சிதறித் தெறிக்கும். ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே மற்றவர் வேலை செய்யக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டைவிட்டு அப்போதே இறங்குங்கள், அளவீடு பாதியில் இருந்தாலும்.

மாதிரி எடுப்பது, சுமப்பது

ஒரு கிலோ கிரானைட் என்பது 370 கன சென்டிமீட்டர்தான், கையடக்கம். நாளைக்கு ஐந்து மாதிரி, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ என்றால் இருபது வேலை நாளில் 200 கிலோ சேர்ந்துவிடும். அதை யார் எப்படிக் கீழே கொண்டுபோவது என்பது திட்டமிடும்போதே முடிவாக வேண்டும். எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாத கல்லை எடுக்காதீர்கள். புதியவர்களின் பை கனப்பது அழகான கற்களால்தான்.

தேவையைப் பொறுத்து முறை மாறும். நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய சீவலுக்குக் கையளவு போதும். சிர்கான், அபடைட் போன்ற சிறு கனிமங்களைப் பிரித்து வயது காண்பதற்குப் பல கிலோ, அதுவும் சிதைவுறாத உட்பாறையாக வேண்டும். மலை எவ்வளவு வேகமாக உயர்ந்து தேய்ந்தது என்று அறிய, ஒரே சரிவில் கீழிருந்து மேல்வரை வெவ்வேறு உயரங்களில் எடுப்பார்கள். அங்கே உயர அளவீடு தவறினால் மாதிரியே வீண். பாறை எவ்வளவு காலமாக வானத்துக்குத் திறந்து கிடக்கிறது என்று அண்டக்கதிர் உருவாக்கும் பெரிலியம்-10 என்ற ஐசோடோப்பைக் கொண்டு கணிப்பதற்கு மேல்தோலின் சில சென்டிமீட்டர் மட்டுமே வேண்டும். அதோடு எடுத்த துண்டின் தடிமன், பரப்பின் சரிவு, சுற்றியுள்ள முகடுகள் எந்தத் திசையில் எத்தனை டிகிரி வானத்தை மறைக்கின்றன என்பனவும் அங்கேயே பதிவாக வேண்டும். நகர்ந்து வந்திருக்கக்கூடிய உருண்டைக் கல்லில் திசையளவோடு மாதிரி எடுத்து என்ன பயன் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். அது தாய்ப்பாறையோடு ஒட்டித்தான் இருக்கிறதா என்று உதைத்துப் பாருங்கள்.

மாதிரி எண்ணைக் கல்லின் மேல் அழியாத மையால் எழுதுங்கள், பையின் மேலும் எழுதுங்கள். பைக்குள் போட்ட சீட்டு வழியில் அரைபட்டுக் கூழாகும். எடுத்த இடத்தை, எண் எழுதிய கல்லை அங்கேயே வைத்துப் புகைப்படம் எடுத்துவிட்டால் எத்தனையோ குழப்பம் தீரும்.

மாலையும் இரவும்

முகாமுக்கு வந்ததும் முதலில் உலர்ந்த உடை, பிறகு சூடாகக் குடிக்க ஏதாவது, அதன் பிறகுதான் நோட்டு. இந்த வரிசையை மாற்றினால் நடுங்கிக்கொண்டே எழுதியது நாளைக்கு உங்களுக்கே புரியாது. வரைபடத்தில் அன்றைய புள்ளிகளை மையிட்டு உறுதிப்படுத்துங்கள். மாதிரிகளை எண்ணி நோட்டோடு சரிபாருங்கள். நோட்டின் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து, அந்த நகலை வேறு ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்; நோட்டு ஆற்றோடு போனாலும் அன்றுவரை உள்ளது மிஞ்சும். பிறகு குழுவாக உட்கார்ந்து, இன்று பார்த்தது நேற்றைய எண்ணத்தை மாற்றுகிறதா என்று பேசுங்கள். வரைபடம் உருவாவது இந்தப் பேச்சில்தான். பக்கத்து ஓடையில் பார்த்த எல்லை இன்றைய ஓடையில் எங்கே வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை என்ற கேள்வி எழுந்தால் நாளைக்கான வேலை தயார்.

பாட்டரிகளையும் போனையும் உறக்கப்பைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயன் பாட்டரியைச் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும், எனவே சோலார் தகட்டில் வைக்குமுன் உடல் சூட்டில் வெதுவெதுப்பாக்குங்கள். காலணியின் உள்மெத்தையும் ஈரக் காலுறையும்கூட உள்ளே இருந்தால் காலையில் விறைத்த தோலோடு போராட வேண்டாம். குளிர் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும். விலையுயர்ந்த உறக்கப்பையைவிட அடியில் இரண்டாவது மெத்தை அதிகம் காக்கும். மூடி இறுகிய பாட்டிலில் சுடுநீர் நிரப்பிக் காலடியில் வைத்தால் இரவுக்குச் சூடு, காலையில் உறையாத குடிநீர்.

வேலை இல்லாத நாட்களும் உடனிருப்பவர்களும்

பனி கொட்டி மூன்று நாள் கூடாரத்துக்குள் அடைபடுவது நடக்கும். புதுப்பனி நின்ற முதல் தெளிவான நாளில் ஆவலோடு சரிவுகளில் ஏறாதீர்கள். பனிச்சரிவு அபாயம் மிகுந்த நேரம் அது. அடைபட்ட நாட்களில் குறுக்குவெட்டுப் படம் வரையுங்கள், கிழிந்ததைத் தையுங்கள், ஒருவரையொருவர் கொஞ்சம் தனியே விடுங்கள். உயரத்தில் எல்லோருக்கும் கோபம் சீக்கிரம் வருகிறது. சூப் கிண்ணத்தை யார் கழுவுவது என்பதில் தொடங்கும் சண்டை ஆராய்ச்சி முடிவுகள்வரை போவதைப் பார்த்திருக்கிறேன். வேலைப் பங்கீட்டை முதல் நாளே எழுதித் தொங்கவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

சுமை தூக்குகிறவர்களும் சமையல் செய்கிறவர்களும் குழுவின் பகுதிதான். அவர்களுக்கும் உயர நோய் வரும், பனி அவர்கள் கண்ணையும் எரிக்கும். கண்ணாடி, கையுறை, காலணி, காப்பீடு எல்லாம் உங்களுக்கு இருக்கும் தரத்தில் அவர்களுக்கும் இருக்கிறதா என்று முகாம் கிளம்புமுன் நேரில் பார்த்துவிடுங்கள். தலைவலி என்று சொன்னால் சம்பளம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இல்லாதபடி பேசிவையுங்கள். மேய்ச்சல்காரர்களின் நிலத்தில் நுழையும்போது என்ன தேடுகிறோம் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். பாறையை உடைக்கும் அந்நியரைக் கண்டால் சுரங்கம் வரப்போகிறது என்றே எவரும் நினைப்பார்கள். மக்கள் வணங்கும் பாறை, சிகரம், நீரூற்று எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கே சுத்தியலை எடுக்காதீர்கள். கேட்கப் போனால் நல்ல பாதையும், நிலச்சரிவு எந்த ஆண்டு வந்தது என்ற செய்தியும் கூடவே கிடைக்கும்.

இறங்கும் முன்

கடைசி இரண்டு நாட்களைப் புது இடங்களுக்கு ஒதுக்காதீர்கள். முதல் பக்கத்தில் ஒட்டிய கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றாக நோட்டோடு வைத்துப் பாருங்கள். விடை இல்லாத கேள்விக்கு எந்த ஒரு பாறை வெளிப்பாடு அதிகம் உதவும் என்று முடிவு செய்து, அங்கே மட்டும் திரும்பப் போங்கள். முதல் வாரத்து அளவீடுகளில் இரண்டு மூன்றை மீண்டும் அளந்து பாருங்கள். அப்போது உடல் பழகியிருக்கவில்லை, எண்கள் எவ்வளவு தவறியிருக்கும் என்று ஒரு மதிப்பு கிடைக்கும்.

மாதிரிகளை ஒன்றோடொன்று உரசாதபடி தாளில் சுற்றி, கனமானவற்றைப் பெட்டியின் அடியில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன எண்கள் உள்ளன என்ற பட்டியல் உள்ளே ஒன்று, உங்கள் சட்டைப்பையில் ஒன்று. திரும்பக் கிடைக்காத மாதிரிகள் சில இருக்கும். அவற்றை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு பெட்டிகளில் போடுங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் எந்தப் பெட்டியிலும் வைக்க வேண்டாம், அது உங்கள் உடம்போடு இறங்கட்டும்.